நீருக்கு ஓர் அளவுகோல்



மண்ணின்றியும் பயிர் வளர்க்கலாம் என்று நூல்களில் படித்த நான், கண்ணாடி ஜாடி ஒன்றில் தக்காளிச் செடியை வளர்த்துப் பார்த்ததுண்டு. உரிய உப்புகள் யாவற்றையும் நீரில் கரைத்திருந்தேன். முதலில் செழித்த செடியின் தளிர்கள் பின்னர் வெளிறி மஞ்சளாயின. நரம்புகள் மட்டுமே பச்சையாய் இருந்தன. இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம் அது. மேலும் இரும்பு உப்பைச் சேர்த்தேன். அது துருநிற வண்டலாக அடியில் படிந்ததேயன்றிச் செடி தேறவில்லை. என் பிழை யாதென்பதை இக்கலையின் வரலாற்றைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

1860-ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியில் யூலியஸ் சாக்ஸ், வில்ஹெல்ம் க்னோப் என்னும் அறிஞர்கள் உப்புக் கரைசலில் செடிகளை வளர்த்துக் காட்டினர். ஆயினும் நீரின் புளிப்பையும் காரத்தையும் எளிய எண்ணால் குறிக்கும் வழி அன்று இல்லை. லிட்மஸ் தாள் சிவக்கும், அல்லது நீலமாகும்; அவ்வளவே.

அவ்வழி பிறந்தது தோட்டத்திலன்று. பீர் ஆலையொன்றைச் சார்ந்த ஆய்வுக்கூடத்தில்! டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில், கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் நொதிகளை ஆராய்ந்துவந்த சோரன்சன், 1909-இல் பி.எச். என்னும் அளவை வகுத்தார். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் இறங்கினால் அமிலச் செறிவு பத்து மடங்கு பெருகும். 1934-இல் கலிபோர்னியாவில் ஆர்னால்டு பெக்மன், எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்கவேண்டி மின்கருவி ஒன்றை அமைத்தார். அதன் பின்னர் அளவெடுத்தல் எளிதாயிற்று.

அதே கலிபோர்னியாவில், மண்ணிலா வேளாண்மைக்கு ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்ற பெயரை 1937-இல் கெரிக்கே வழங்கினார். 1942-இல் ஆர்னனும் ஜான்சனும் பி.எச். 3 முதல் 9 வரையுள்ள கரைசல்களில் தக்காளி முதலிய செடிகளை வளர்த்தனர். 3-இல் செடிகள் தாங்கவில்லை. 9-இல் வளர்ச்சி குன்றிற்று. இடைப்பட்ட அளவுகளில், சத்துகள் கிடைக்குமாறு பார்த்துக்கொண்டால் அவை நன்கு வளர்ந்தன.

என் பிழை இப்போது விளங்குகிறதல்லவா? நீர் காரமாகும்போது இரும்பு கரையாமல் வண்டலாகிவிடுகிறது; வேரால் அதனை உறிஞ்ச இயலாது. நீரைக் காரமாக்கியதும் அச்செடியே! வேர் நைட்ரேட்டை உறிஞ்சுகையில் பி.எச். உயர்கிறது, அம்மோனியத்தை உறிஞ்சுகையில் தாழ்கிறது. ஆகவே ஒருநாள் அளந்துவிட்டு ஓய்ந்திருத்தல் ஆகாது. பெரும்பாலான பயிர்களுக்கு 5.5 முதல் 6.5 வரை ஏற்ற அளவாகும்.

மறுமுறை நான் நாள்தோறும் காலையில் அளந்தேன். எண் உயர்ந்தபோது நீர்த்த அமிலத்தைத் துளித்துளியாகச் சேர்த்தேன். இம்முறை தளிர்கள் பச்சையாகவே விரிந்தன. இரும்பைக் கூட்டவில்லை, இருந்த இரும்பே போதுமானதாயிற்று. ஒரு பொருள் இருப்பது வேறு, அது கிடைப்பது வேறு என்ற உண்மையை அந்த ஜாடி எனக்குக் கற்பித்தது.