இரும்புக்கை மாயாவியும் நம் வறட்சியும்

பொன்னியின் செல்வனுக்காக வாராவாரம் காத்திருந்தது நம் பெற்றோர் தலைமுறை. எங்கள் வயதுப் பையன்கள் காத்திருந்தது இரும்புக்கை மாயாவிக்கு.

1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் புத்தகமே அவன் கதைதான். 1962-இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் பிறந்தவன். பெயர் லூயிஸ் கிராண்டேல். விபத்தில் இழந்த வலக்கைக்குப் பதிலாக எஃகுக் கை. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து, அந்தக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். விளாத்திகுளம் பக்கம் எங்கள் வீட்டுக்கு அப்போது கரண்ட் வரவில்லை. அரிக்கேன் விளக்கடியில்தான் அந்த மின்சார மனிதனைப் படித்தேன். ஒரு புத்தகம் பத்து வீடு சுற்றி, அட்டை கிழிந்து திரும்பும்.

லண்டன்காரன் சிவகாசி வழியாக நம்மிடம் வந்ததற்குக் காரணம் வறட்சி. மழையை நம்பிப் பிழைக்க முடியாத ஊர் அது. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகங்கள் பெருகிய ஊரில் படக்கதையும் அச்சாயிற்று.

படக்கதை படித்தால் பிள்ளை கெட்டுவிடும் என்று பெரியவர்கள் ஒளித்து வைத்தார்கள். ஆனால் பாடப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்த பருத்திக்காட்டுப் பையன்கள் மாயாவியைத் தடங்கலின்றி வாசித்தார்கள். அந்தப் பழக்கத்தில்தான் நாங்கள் சிலர் நூலகப் படியேறினோம்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய முத்து காமிக்ஸ் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பேரப்பிள்ளையிடம் கொடுங்கள். அதுவும் இந்தக் காய்ந்த மண்ணின் விளைச்சல்தான்.