நல்லெண்ணத்தின் பாதுகாப்பில்: 1897 தொற்றுநோய்கள் சட்டமும் அதன் வாரிசுகளும்

1897 ஜனவரி 28 அன்று கல்கத்தாவில் கூடிய வைசிராயின் சட்டமன்றத்தில் ஜான் உட்பர்ன் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். ஒரே வாரத்தில், பிப்ரவரி 4 அன்று, அது சட்டமாகிவிட்டது. மொத்தம் நான்கு பிரிவுகள். முதல் பிரிவு சட்டத்தின் பெயரையும் எல்லையையும் சொன்னது. இரண்டாம் பிரிவின்படி, நடப்பிலுள்ள சட்டங்கள் போதா என்று அரசு கருதினால் எந்த நடவடிக்கையும் எடுக்கலாம், எந்த விதியும் வகுக்கலாம். விதியை மீறுவோர் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவுப்படி குற்றவாளிகள் என்றது மூன்றாம் பிரிவு. இச்சட்டத்தின்கீழ் நல்லெண்ணத்துடன் செய்த எச்செயலுக்காகவும் எவர்மீதும் வழக்குத் தொடுக்க முடியாது என்றது நான்காவது.

சட்டம் பேசாமல் விட்டவை அதைவிட நீளமானவை. எது ஆபத்தான தொற்றுநோய் என்ற வரையறை அதில் இல்லை. சிறப்பு அதிகாரம் எத்தனை நாள் நீடிக்கும், யாரிடம் கணக்குக் காட்ட வேண்டும், வீட்டையும் உடைமையையும் இழந்தவருக்கு எந்த முறையில் இழப்பீடு, அடைத்துவைக்கப்பட்டவர் யாரிடம் முறையிடுவது என்பவற்றுக்கும் விடையில்லை. பின்னாளில் இச்சட்டம் மாறியபோது அதன் தண்டனையும் பாதுகாப்பும் மட்டுமே வளர்ந்தன. குடிமக்களின் தரப்பில் ஒரு வரிகூடச் சேரவில்லை. இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது இதையே.

சட்டத்தின் அவசரத்துக்குக் காரணம் பம்பாய். 1896 செப்டம்பரில் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் மருத்துவர் அகாசியோ வியேகாஸ் பிளேக் நோயை அடையாளம் கண்டார். மக்கள் கூட்டம் கூட்டமாக நகரைவிட்டு வெளியேறினர். ஐரோப்பியத் துறைமுகங்கள் இந்தியச் சரக்கைத் தடுத்துவிடுமோ என்ற கவலை அரசைப் பிடித்தது. 1897 தொடக்கத்தில் வெனிஸ் நகரில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு பிளேக்கை முன்னிட்டே கூடியது. மக்கள் உயிர்மீது அரசுக்கு அக்கறையே இல்லை என்று சொல்வது மிகை. ஆனால் வணிகத்தின் நெருக்கடி இல்லாதிருந்தால், தலைமுறை தலைமுறையாகக் காலராவில் மக்கள் மாண்டபோது தோன்றாத சட்டம் இப்போது ஒரு வாரத்தில் பிறந்திருக்காது.

அதன் முதல் பெரிய சோதனைக்களம் புனே. அங்கே பிளேக் குழுவின் தலைவராக வந்தவர் வால்டர் சார்லஸ் ராண்ட் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. வீடுவீடாகச் சோதனை போட வெள்ளைச் சிப்பாய்கள் இறக்கப்பட்டனர். நோயாளிகள் மருத்துவமனைக்கும், அவர்களின் வீட்டார் ஒதுக்க முகாம்களுக்கும் இழுத்துச் செல்லப்பட்டனர். பூஜை அறையிலும் அடுக்களையிலும் பூட்ஸ் காலோடு நுழைந்தார்கள், பொருள்கள் எரிக்கப்பட்டன, பெண்களை அந்நிய ஆண்கள் தொட்டுச் சோதித்தார்கள் என்ற புகார்கள் பத்திரிகைகளில் குவிந்தன. 1897 ஜூன் 22 இரவு, விக்டோரியா மகாராணியின் வைர விழாக் கொண்டாட்டம் முடிந்து திரும்பிய ராண்டையும் லெப்டினன்ட் அயர்ஸ்டையும் சாப்பேகர் சகோதரர்கள் சுட்டனர். இருவரும் இறந்தனர்.

அடுத்து நடந்தது நோய்த்தடுப்பின் எல்லையைத் தாண்டியது. கேசரி இதழில் எழுதியவற்றுக்காகத் திலகர்மீது ராஜத்துரோக வழக்குப் பாய்ந்தது. 18 மாதக் கடுங்காவல். நாத்து சகோதரர்கள் என்ற புனேப் பிரமுகர்கள் இருவர் 1827-ஆம் ஆண்டின் பழைய ஒழுங்குமுறைச் சட்டமொன்றின்கீழ் விசாரணையின்றி அடைக்கப்பட்டனர். அப்போது இங்கிலாந்தில் இருந்த கோகலே, புனேயிலிருந்து வந்த கடிதங்களை நம்பிச் சிப்பாய்களின் அத்துமீறல்களைப் பகிரங்கப்படுத்தினார். ஊர் திரும்பியதும் சாட்சிகளை முன்னிறுத்த முடியாமல் மன்னிப்புக் கேட்டார். அத்துமீறியவனை நான்காம் பிரிவு காத்தது; அதைச் சொன்னவரைக் காக்க எந்தப் பிரிவும் இல்லை.

இத்தனை வன்மைக்கும் அடியில் இருந்த அறிவியல் எப்படிப்பட்டது என்பதை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு அழுத்திச் சொல்வதில்லை. நோய், வீட்டின் தரையிலும் துணியிலும் காற்றோட்டமின்மையிலும் ஒளிந்திருப்பதாக அதிகாரிகள் நம்பினர். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், கூரையைப் பிரித்தார்கள், சாக்கடையில் கிருமிநாசினியைக் கொட்டினார்கள். 1898-இல் கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சிமோன், எலியின் தெள்ளுப்பூச்சி வழியாக நோய் பரவுகிறது என்று கண்டறிந்தார். அதைப் பலர் ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின. எலிகள் செத்து விழுவதைக் கண்டதும் வீட்டைக் காலிசெய்துவிட்டு வயல்வெளியில் குடிசை போட்டுத் தங்கிய கிராமத்தார், அதிகாரிகளைவிடச் சரியானதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

1898 மார்ச்சில் பம்பாயிலும் 1900 ஏப்ரலில் கான்பூரிலும் கலவரம் வெடித்தபின் அரசே பின்வாங்கியது. கட்டாயச் சோதனையும் ஒதுக்கமும் தளர்ந்து, ஹாஃப்கின் உருவாக்கிய பிளேக் தடுப்பூசியும் விருப்பத்தின்பேரில் வீடு மாறுதலும் கொள்கையாயின. வற்புறுத்தல் பலிக்கவில்லை என்று காலனி அரசு தன் அனுபவத்தில் உணர்ந்தது. ஆனால் சட்டத்தை அது திருத்தவில்லை.

சென்னை மாகாணத்தின் வழி சற்று வேறு. இங்கே சிப்பாய்களைவிட ரயில் நிலையமும் கிராம அதிகாரியுமே முக்கியக் கருவிகள். நோய் கண்ட பகுதியிலிருந்து வருவோருக்கு ‘பிளேக் பாஸ்போர்ட்’ தரப்பட்டது. சேருமிடத்தில் அதைக் காட்டி, குறிப்பிட்ட நாள்கள் வரை அதிகாரியின் முன் ஆஜராக வேண்டும். மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்கே இதன் பாரம் அதிகம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களுக்கு மண்டபம் முகாம் இருந்தது. இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய அந்தத் தனிமைப்படுத்தும் முகாமைக் கடந்தே அவர்கள் கப்பலேற முடிந்தது. கோவை வட்டாரத்தில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் உள்ளன. அந்த நோய் மக்கள் நினைவில் எப்படிப் பதிந்தது என்பதற்கு எந்த மாகாண அறிக்கையையும்விட நம்பத்தக்க ஆவணங்கள் அவை.

1918-ஐப் பார்த்தால் அதிகாரத்தின் இன்னொரு முகம் தெரியும். இன்ஃபுளுயன்சா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைச் சில மாதங்களில் கொன்றது. புனேயில் வீட்டுக்குள் நுழைந்த அதே அரசு இப்போது போர்ச் செலவிலும் மருத்துவர் பற்றாக்குறையிலும் கைபிசைந்து நின்றது. நிவாரணத்தின் பெரும்பகுதியைத் தன்னார்வ அமைப்புகள் சுமந்தன. சட்டம் ஏட்டில் இருக்கத்தான் செய்தது. ஆள்வதற்கான அதிகாரமும் காப்பதற்கான திறனும் வேறுவேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மாற்று வழி ஒன்றும் இருந்தது. 1939-இல் ராஜாஜியின் அமைச்சரவைக் காலத்தில் நிறைவேறிய சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் அவ்வகையில் முன்னோடி. குடிநீர், கழிவுநீர், சுகாதார அதிகாரியின் கடமை, நோயை அறிவிக்கும் முறை என அது விரிவாகப் பேசியது. அரசு என்ன செய்யலாம் என்பதோடு என்ன செய்தாக வேண்டும் என்றும் சொன்னது. மத்தியில் அந்த மரபு வேர்விடவில்லை. மாதிரிப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1955-இலும், திருத்தப்பட்டு 1987-இலும் வந்து காகிதத்திலேயே நின்றது. 2009-இன் தேசியச் சுகாதார மசோதாவும் 2017-இன் வரைவு மசோதாவும் சட்டமாகவில்லை. 1897 சட்டம் மட்டும் 2009-இல் பன்றிக்காய்ச்சலின்போது புனேயில் (தற்செயல்தான்) மறுபடி உயிர்பெற்றது.

இந்த வெற்றிடத்தோடுதான் நாடு கோவிட்-19-ஐ எதிர்கொண்டது. 2020 மார்ச் 23 அன்று நாடாளுமன்றம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் 21 நாள் முழு ஊரடங்கு. 130 கோடிப் பேருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் நான்கு மணி நேரம். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உள்துறை அமைச்சகத்தின் உத்தரவுகளும், 1897 சட்டத்தின்கீழ் மாநில விதிகளும் நாட்டை நடத்தின. சுனாமிக்குப் பின் நிறைவேறிய சட்டம் நோய்க்குப் பயன்பட்டதைச் சட்டப்படி தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நாடாளுமன்றம் மறுபடி கூடியது செப்டம்பர் 14 அன்று. அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமும் இல்லை. ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் என்று எழுத்துமூலம் கேட்கப்பட்டபோது, அத்தகைய தரவு இல்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். மே 8 அன்று ஔரங்காபாத் அருகே தண்டவாளத்தில் உறங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு ரயிலில் சிக்கி இறந்த செய்தி எல்லா நாளிதழ்களிலும் வந்திருந்தது.

புனேயின் சுண்ணாம்படிப்புக்கு இணையான காட்சிகளும் திரும்பின. மார்ச் இறுதியில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய தொழிலாளர்களைத் தரையில் உட்காரவைத்துக் கிருமிநாசினியைப் பீய்ச்சினார்கள். திருப்பூரில் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் அமைத்துப் பெருமையோடு திறந்துவைத்தார்கள். சில நாளில் தமிழகப் பொதுச் சுகாதாரத் துறையே அவை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஏப்ரல் 26 முதல் சென்னை உள்ளிட்ட மாநகராட்சிகளில் காய்கறி, மளிகைக் கடைகளும் திறக்காத முழு ஊரடங்கு என அறிவித்ததும், முந்தின நாள் காய்கறிக் கடைகளில் கூட்டம் முண்டியடித்தது. பின்னர் கோயம்பேடு சந்தையே தொற்றின் பெரும் மையமாயிற்று. மே 5 அன்று மூடினார்கள். இரண்டே நாளில், சென்னை தவிர்த்த பகுதிகளில், டாஸ்மாக் கடைகள் திறந்தன.

இ-பாஸ் என்ற புதிய பாஸ்போர்ட்டும் வந்தது. சாவு, கல்யாணம், மருத்துவம் என்ற மூன்று காரணங்களுக்குள் தன் தேவையைத் திணிக்க முடியாதவர் மாவட்ட எல்லையைத் தாண்ட முடியவில்லை. பணம் கொடுத்தால் கிடைக்கிறது என்ற புகாரும் எழுந்தது. விண்ணப்பித்தவர் எல்லாருக்கும் உடனே தரப்படும் என்று ஆகஸ்ட் 17 முதல் மாற்றினார்கள். எல்லாருக்கும் தருவதென்றால் அந்த அனுமதி எதற்கு என்ற கேள்விக்கு விடை சொல்லாமலே செப்டம்பர் முதல் மாவட்டங்களுக்கிடையே அதை விலக்கிக்கொண்டார்கள்.

சட்டத்தின் கூர்மை தெருவில்தான் தெரிந்தது. 188-ஆம் பிரிவில் வரும் குற்றத்துக்குக் காவல் துறை தானாக முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது, உரிய அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துமூலம் புகார் தர வேண்டும் என்று 2018-லேயே ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தீர்ப்பு இருக்கும்போதே ஊரடங்கு வழக்குகள் லட்சக்கணக்கில் பதிவாயின. 2021 பிப்ரவரியில், தேர்தல் நெருங்கிய வேளையில், சுமார் 10 லட்சம் வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். ஒரே அறிவிப்பில் கைவிடத்தக்க 10 லட்சம் குற்றங்கள் நாட்டைக் காக்க இன்றியமையாதவையாக இருந்திருக்க முடியாது. ஆனால் சாத்தான்குளத்தில் திரும்பப் பெற எதுவும் மிஞ்சவில்லை. ஊரடங்கு நேரத்துக்குப் பிறகும் கைப்பேசிக் கடையைத் திறந்துவைத்திருந்ததாகச் சொல்லி 2020 ஜூன் 19 அன்று காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவலில் அடிபட்டு, அடுத்த சில நாள்களில் இறந்தனர். காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

நோய் உண்மையானது, மரணங்கள் உண்மையானவை, ஏதோ ஒரு கட்டுப்பாடு தேவைப்பட்டது. இதை மறுத்து, எல்லாமே சதி என்று பேசியவர்கள் நியாயமான ஐயங்களையும் கேலிக்குள்ளாக்கினர். அரசுக்கு அது வசதியாகவும் போயிற்று. என் ஐயம் தடுப்பு மருந்தின்மீது இல்லை, கட்டுப்பாட்டின் கைகள்மீது. கடைக்காரர்மீது பாய்ந்த சட்டம் 2021-இல் தேர்தல் கூட்டங்கள்மீது பாயவில்லை. அந்த ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் ஆணையத்தை வாய்மொழியாகக் கடுமையாகச் சாடியது; அந்தச் சொற்கள் மிகக் கடுமையானவை என்று உச்ச நீதிமன்றம் பின்னர் சொன்னது. ஆக்சிஜன் இல்லாமல் டெல்லி மருத்துவமனைகள் திணறிய வாரங்களில், 1897-இன் இரண்டாம் பிரிவு ஒரு உருளையையும் நிரப்பவில்லை.

நீதிமன்றங்களின் பதிவு கலவையானது. சாலையில் இப்போது யாரும் நடந்து செல்லவில்லை என்ற அரசின் கூற்றை 2020 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றது; தொழிலாளர் நலனைத் தானாகவே முன்வந்து விசாரிக்க அதற்கு மே மாத இறுதி ஆயிற்று. நோயைப் பரப்பியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட தப்லீக் ஜமாத்தினர் பலிகடா ஆக்கப்பட்டனர் என்று அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை எழுதி, அவர்கள்மீதான வழக்குகளை ரத்துசெய்தது. 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த எல்லையே இதுவரை நமக்குக் கிடைத்ததில் தெளிவானது: யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது, பொது நலனுக்காக அரசு கட்டுப்பாடு விதிக்கலாம், ஆனால் அது அளவோடு இருக்க வேண்டும், போடாதவர்களைப் பொது இடங்களிலிருந்து விலக்கும் உத்தரவுகள் அன்றைய நிலையில் அளவுக்குப் பொருந்தவில்லை. தடுப்பூசிக் கொள்கையையே தவறு என்றும் நீதிமன்றம் சொல்லவில்லை. ஐயப்படுவோரும் ஆதரிப்போரும் தத்தமக்கு வேண்டிய பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவதால் இதை முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு சட்டத்தில் என்ன மாறியது? 2020 ஏப்ரலில் சென்னையில் மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கும்பல் தாக்கியது நாட்டையே உலுக்கியது. அது போன்ற தாக்குதல்களின் பின்னணியில் வந்த அவசரச் சட்டமும், செப்டம்பரில் நிறைவேறிய திருத்தமும் மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்கு ஏழாண்டு வரை சிறை விதித்தன, தேவையான பாதுகாப்புத்தான். அதே திருத்தத்தால் 1897-இன் மற்ற ஓட்டைகளையும் அடைத்திருக்கலாம். கால வரம்பு, சட்டமன்றத்தின் ஒப்புதல், முறையீட்டு அமைப்பு, தினக்கூலிக்காரருக்கு இழப்பீடு ஆகியவற்றில் ஒன்றும் சேர்க்கப்படவில்லை. சட்ட ஆணையம் 2024 பிப்ரவரியில் தன் 286-ஆவது அறிக்கையில், பழைய சட்டத்தை முறையாகத் திருத்தவோ புதிய சட்டம் இயற்றவோ பரிந்துரைத்தது. அந்த ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது வேறொன்று. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தைப் பாரதிய நியாய சன்ஹிதா பிடித்தது. 188-ஆம் பிரிவு 223 ஆயிற்று. சாதாரண மீறலுக்கு ஒரு மாதமாக இருந்த உச்சத் தண்டனை ஆறு மாதமாகவும், உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் மீறலுக்கு ஆறு மாதமாக இருந்தது ஓராண்டாகவும் உயர்ந்தது. நான்காம் பிரிவு அப்படியே இருக்கிறது.