நாலில் ஒரு பங்கு

திருமலை, திருப்பதி, திருச்சானூர் கோயில்களில் கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் உள்ளன. 1930-களில் தேவஸ்தானம் அச்சிட்ட அவற்றின் தொகுதிகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் அரிசி, நெய், பயறு அளவுதான்.

விஜயநகரக் காலத்தில் ஒருவர் கோயிலுக்குப் பொன் கொடுத்தால், அதைக்கொண்டு கோயில் ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டினார்கள். கூடுதல் விளைச்சலில் இருந்து அவர் பெயரில் அமுது படைத்தார்கள். அந்தப் பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடுத்தவருக்கே உரியது. ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர். சந்திரகிரியில் இருந்து ஆண்ட சாளுவ நரசிம்மர் 15-ஆம் நூற்றாண்டில் இராமானுஜகூடங்கள் என்ற அன்னசத்திரங்களை ஏற்படுத்தி, கந்தாடை இராமானுஜ ஐயங்காரிடம் ஒப்படைத்தார். கொடையாளிகள் பலர் தங்கள் கால் பங்கை அங்கே விட்டுக்கொடுக்க, யாத்திரிகர்கள் பசியாறினார்கள்.

பங்கு என்று வந்துவிட்டால் பின்னமும் வந்துவிடும். மரக்காலுக்கு 8 நாழி, நாழிக்கு 4 உழக்கு. இரண்டரை மரக்கால் அரிசியை ஆளுக்கு ஓர் உழக்காக அளந்தால் எத்தனை பேருக்கு வரும்? இன்றைய மாணவர் இரண்டரையை 5/2 ஆக்குவார். உழக்கு என்பது மரக்காலில் 1/32 என்பதால் அதைத் தலைகீழாக்கிப் பெருக்கி, 80 என்பார். அளக்கிறவருக்கோ மரக்காலுக்கு 32 உழக்கு என்பது கைப்பழக்கம். இரண்டுக்கு 64, அரைக்கு 16, ஆக 80. வகுக்கச் சொன்னால் ஏன் பெருக்குகிறோம் என்று குழம்பும் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது.

விதியாகவும் அது பழையதுதான். வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கும் முறையை 9-ஆம் நூற்றாண்டில் மகாவீராசாரியர் ‘கணித சார சங்கிரக’த்தில் சொன்னார். 11-ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனா அந்நூலைத் தெலுங்கில் தந்தார்.

தமிழ்த் திண்ணைப் பள்ளிகளில் வாய்பாட்டு நூலான எண்சுவடி இருந்தது. முந்திரி 1/320, நான்கு முந்திரி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா, இருபது மா ஒன்று. சிறுவர்கள் இதை ராகம் போட்டு ஒப்பித்தார்கள். 1957 ஏப்ரல் 1-இல் ரூபாய்க்கு 100 நயா பைசா வந்தது. லிட்டரும் கிலோவும் பின்தொடர்ந்தன. கடைக் கணக்குக்கு உழக்கும் காணியும் தேவைப்படாமல் போயின.