மேகமும் சர்க்கரையும்: ஆண்களிடம் மீளும் பூஞ்சைத் தொற்று, திருத்தணியை முன்வைத்து

வானத்தில் மிதப்பதோடு சம்பந்தமில்லாத இன்னொரு 'மேகம்' தமிழில் உண்டு. சிறுநீர் கழித்தலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்த சொல் அது. சித்த மருத்துவம் நீரிழிவை மதுமேகம் என்கிறது. பிறப்புறுப்பில் வரும் வெள்ளையையும் புண்ணையும் மேகவெட்டை, மேகப்புண் என்கிறது. ஒரே குடும்பப் பெயர் தாங்கிய இந்த நோய்களில், பேச்சுவழக்கு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டது. இன்று 'மேக வியாதி' என்றால் தகாத உறவில் வந்த நோய் என்றுதான் ஊர் நினைக்கும். சர்க்கரை அந்தச் சொல்லிலிருந்து உதிர்ந்துவிட்டது. நடுவயது ஆண்களுக்கு ஆண்குறியின் முனையில் திரும்பத் திரும்ப வரும் பூஞ்சைத் தொற்று, உதிர்ந்துபோன அந்தப் பொருளில்தான் பெரும்பாலும் வேர் கொண்டிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். நோயாளி அவமானத்தைப் பார்க்கிறார், மருந்துக்கடை தோலைப் பார்க்கிறது. சர்க்கரையை யாரும் பார்ப்பதில்லை.

திருத்தணி முருகனின் ஐந்தாம் படைவீடு. மலைக்கு 365 படிகள். 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திராவிடமிருந்து மீண்டும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஊர். நகரியும் ரேணிகுண்டாவும் ரயிலில் எட்டும் தொலைவு. வெளியே சொல்லக் கூசும் நோய் உள்ளவருக்கு இது ஒரு வசதி: தெரிந்த முகம் இல்லாத கடை அடுத்த மாநிலத்தில் இருக்கிறது. எந்தப் பக்கத்துக் கடையானாலும் காட்சி ஒன்றுதான். கூட்டம் கலையும்வரை ஆள் ஓரமாக நிற்பார். பிறகு பாக்கெட்டிலிருந்து கடைசிவரை உருட்டிப் பிழிந்த பழைய ட்யூபை எடுத்து, "இதே ஒண்ணு குடுங்க" என்பார். எங்கே போடுவதற்கு என்று கேட்டால், "சூடு சார், தொடையில" என்று பதில் வரும்.

அந்த ட்யூபில் பெரும்பாலும் மூன்று மருந்துகள் கலந்திருக்கும்: பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு. இரண்டே நாளில் அரிப்பு அடங்குவது ஸ்டீராய்டின் வேலை. அது அழற்சியை அமுக்குகிறது. அதே கையோடு தோலின் எதிர்ப்பையும் அமுக்குகிறது. அரிப்பு நின்றதும் ஆள் மருந்தை நிறுத்துகிறார். பூஞ்சை மீண்டும் கிளம்பினால் "நல்லா கேக்கிற மருந்து" என்று அதையே தேடிப் போகிறார். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 'எச்' அட்டவணைக்குள் கொண்டுவந்தது. பழைய ட்யூபையே சீட்டாகக் காட்டும் பழக்கத்தை அந்த அறிவிக்கை மாற்றிவிடவில்லை.

இங்கே நோயை இனம்காண்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காரணி பெரும்பாலும் கேண்டிடா அல்பிகன்ஸ். உடம்பில் அமைதியாகக் குடியிருக்கும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை. முன்தோல் மூடியிருக்கும் ஈரமான இடம் அதற்குத் தோது. ஆண்குறி மொட்டு சிவந்து பளபளக்கும். சிறு சிவப்புப் புள்ளிகள் தெரியும். முன்தோலுக்கு அடியில் தயிர்த்திப்பி போல வெள்ளை படியும். முன்தோலின் விளிம்பில் நகம் கீறியது போல மெல்லிய வெடிப்புகள் வட்டமாக ஓடி, சிறுநீர் பட்டால் எரியும். சர்க்கரையைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த வெடிப்புதான். வெடித்து ஆறி, வெடித்து ஆறி, தோல் தடித்து, நாற்பது ஐம்பது வயதில் முதல்முறையாகப் பின்னுக்கு இழுக்க வராமல் போனால், வேறு எதையும் யோசிப்பதற்கு முன் ரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

சிவந்ததெல்லாம் பூஞ்சை அல்ல. சோப்பு ஒவ்வாமை, சோரியாசிஸ், அக்கி வகைக் கொப்புளம், வலியில்லாத சிபிலிஸ் புண், தோலை வெளுக்கச் செய்யும் லைக்கன் ஸ்கிளிரோசஸ் எல்லாம் இதே வேடத்தில் வரும். தோலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு துளி விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது சில நிமிட வேலை. சரியான மருந்துக்கும் சில வாரங்களில் மசியாத புண் என்றால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். ஆண்குறிப் புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கலாம்.

சர்க்கரைக்கு வருவோம். ரத்தத்தில் குளுக்கோஸ் மிகும்போது சிறுநீரிலும் இறங்குகிறது. முன்தோலுக்குள் தங்கும் சில துளிகளே பூஞ்சைக்கு அன்றாடச் சோறு. சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்து "சர்க்கரை போல" என்று நம் பாட்டிகள் சொன்ன அறிகுறியும் இதுவும் ஒன்றே. எறும்புக்குப் பதில் ஈஸ்ட். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது.

இதில் ஒரு புதிய முடிச்சும் விழுந்திருக்கிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றியே வேலை செய்கின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அவை நல்லவை. 2015-இல் வெளியான பெரிய எம்பாகிளிஃப்ளோசின் ஆய்வில் ஆண்களிடம் பிறப்புறுப்புத் தொற்று, மாத்திரை எடுத்தவர்களில் 5 விழுக்காடு, எடுக்காதவர்களில் 1.5 விழுக்காடு. 2020-இல் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்து விலை இறங்கியதும் சிற்றூர்ச் சீட்டுகளிலும் அது இடம்பிடித்துவிட்டது. ஆக, சர்க்கரை கட்டுக்குள் இருப்பவருக்கும் இத்தொற்று வரலாம். மாத்திரையைத் தானாக நிறுத்துவது தவறு. மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பதும் தவறு. விதைப்பை, ஆசனவாய்ப் பக்கம் கடும் வலி, வீக்கம், காய்ச்சல் என்றால் அன்றே மருத்துவமனை போக வேண்டும். அரிதான ஃபோர்னியர் அழுகல் நோய் உயிரைப் பறிப்பது.

சிகிச்சை எளியது. ஸ்டீராய்டு கலக்காத குளோட்ரிமசோல் அல்லது மைக்கோனசோல் களிம்பு நாளுக்கு இருமுறை, ஒன்றிரண்டு வாரம். கடுமையானால் 150 மி.கி. ஃபுளுகோனசோல் ஒரு வேளை. சோப்பு வேண்டாம், வெறும் நீர் போதும். கழுவியபின் ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். கோயில் பொய்கையில் முழுகி ஈரத்துணியோடு படியேறும் காவடி நாட்களுக்கும் இது பொருந்தும். மனைவிக்கும் அரிப்பு, வெள்ளை இருந்தால் இருவருக்கும் சேர்த்தே மருந்து. ஒன்று மட்டும் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டும்: சர்க்கரைக்காகக் கிளிமிபிரைடு சாப்பிடுபவருக்கு ஃபுளுகோனசோல் கொடுத்தால், அது கல்லீரலில் கிளிமிபிரைடு சிதைவதைத் தடுத்துச் சர்க்கரையைத் தாழ்நிலைக்குத் தள்ளலாம். எதற்கும் அடங்காவிட்டால் முன்தோலை நீக்குவது வழி. 'சுன்னத்து' என்ற ஒரு சொல்லோடு மருத்துவர் முடித்துக்கொண்டால், இந்து நோயாளி மறுமுறை வரமாட்டார். மதச் சடங்குக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று இரண்டு நிமிடம் பேசத்தான் வேண்டும்.

அரசு ஏற்பாடுகள் இரண்டு இந்த நோயின் இரு ஓரத்தையும் தொட்டுவிட்டு நடுவை விட்டுவிடுகின்றன. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு பால்வினை நோய்க்குறிகளுக்கு வண்ணப் பெட்டிகளில் மருந்து தருகிறது. பெண்களின் வெள்ளைப்படுதலுக்கான பச்சைப் பெட்டியில் ஃபுளுகோனசோல் உண்டு. ஆண்குறி மொட்டழற்சிக்கென்று ஒரு நிறம் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் கொண்டுவருபவர் பெண் தன்னார்வலர், அநேகமாக அதே தெருக்காரர். அவரிடம் கால் புண்ணைக் காட்டும் ஆண் இதை வாய்விட்டுச் சொல்வார் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம்.

எனவே கேள்வியை அந்த ஆண் தயங்கியாவது வந்து நிற்கும் இடத்துக்கு நகர்த்த வேண்டும். அந்த இடம் கடைக் கவுண்டர். அதே ட்யூபை இரண்டாம் முறை கேட்டு வருபவரிடம் காரணம் எதையும் துருவாமல், "சர்க்கரை எப்பண்ணே பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டு, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். அதற்கான கருவி பெரும்பாலான கடைகளில், அந்த ட்யூப்கள் அடுக்கியிருக்கும் அலமாரிக்குப் பக்கத்திலேயே விற்பனைக்கு இருக்கிறது.