ஷெண்டு சார்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படிக்கலாம்.

போன மாதம் கும்பகோணம் போவதற்காகக் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பையன் வந்து காலைத் தொட்டான். பையன் என்கிறேனே தவிர, வயது இருபத்தேழு, முகம் நிறையத் தாடி. 2010-இல் ஏழாம் வகுப்பில் என்னிடம் வரலாறு படித்தவன். ஆரஞ்சு நிற டீ-ஷர்ட், நெஞ்சில் வட்டத்துக்குள் சீன எழுத்து மாதிரி ஒன்று.

"என்னப்பா எழுத்து இது?"

"ஆமை, சார்."

"ஆமையா?"

"கோகுவோட குருவுக்கு ஆமை முனிவர்னு பேரு, சார். அவர்கிட்ட கத்துக்கிட்டவங்க போட்டுக்கிற முத்திரை."

கோகு யார் என்று கேட்டிருந்தால் பஸ்ஸை விட்டிருப்பேன். அதனால் கேட்கவில்லை. கிளம்பும்போது, "எங்க பழைய கிளாஸ் வாட்ஸாப் குரூப்புல உங்களைச் சேர்க்கட்டுமா சார்?" என்றான். சரி என்றேன். குழுவின் பெயர் 'செக்‌ஷன் 13'. நம் பள்ளியில் ஏ, பி, சி பிரிவுகள்தானே உண்டு, பதிமூன்று எங்கே வந்தது என்று யோசித்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

காலையில் கும்பகோணத்தில் இறங்கிப் பார்த்தால், "ஷெண்டு வந்துட்டாரு!" என்று நாற்பது செய்திகள். கூடவே வரிசையாக டிராகன் படங்கள். யாரப்பா ஷெண்டு என்று கேட்டேன். பத்து நிமிடம் குழுவில் சத்தமே இல்லை. கடைசியில் இப்போது வங்கியில் வேலை செய்யும் ஒரு மாணவிதான் தைரியமாக எழுதினாள்: "தப்பா எடுத்துக்காதீங்க சார். ஏழாவதுல உங்களுக்கு அதான் பேரு."

சுட்டி டிவியில் தமிழ் பேசிய 'ஜாக்கி சான் அட்வென்ச்சர்ஸ்' கார்ட்டூன் தொடரின் வில்லன் ஷெண்டு. கற்சிலையாகச் சுவரில் உறைந்து கிடக்கும் டிராகன் அரக்கன். உடம்பு அசையாது, கண் மட்டும் எரியும். வகுப்பில் நான் மேசையில் சாய்ந்துகொண்டு பேசாமல் முறைத்தால் அச்சு அசல் அப்படியே இருக்குமாம். என் வீட்டுக்காரம்மா இரண்டு நாள் சிரித்தார்.

முப்பது வருடம் வரலாறு நடத்திவிட்டு, என் வகுப்புக்குள்ளேயே நடந்த ஒரு வரலாறு எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. அதைத்தான் இந்த ஒரு மாதமாக அவர்களிடமே பாடம் கேட்டேன்.

நம் வண்டலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் பைத்தியம் பிடித்ததை நான் முதலில் பார்த்தது 1993-இல். ஞாயிறு காலை தூர்தர்ஷனில் 'ஜங்கிள் புக்'. கதை கிப்ளிங்குடையது, காடு மத்தியப் பிரதேசத்துச் சியோனி, படம் வரைந்தது ஜப்பானின் நிப்பான் அனிமேஷன், பேசியது இந்தி. ஷேர்கான் புலிக்கு நானா படேகர் குரல். மொத்தம் 52 வாரத்துக்கான சரக்கு. நான் உள்ளே இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடத்திக்கொண்டிருப்பேன் (பாடமாகத்தான்!). வராண்டாவில் ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாமல் மோக்லியின் இந்திப் பாட்டைப் பாடிக்கொண்டு போவார்கள். மொழி புரியவில்லை என்று ஒருவரும் குறைப்பட்டதாக நினைவில்லை.

1995-இல் கார்ட்டூன் நெட்வொர்க் வந்தது. அப்போது ஆங்கிலம்தான், தமிழ்க் குரல் பிறகு சேர்ந்தது. ஆனால் அது கேபிள் இருந்த வீட்டுப் பிள்ளைகளின் உலகம். வகுப்பில் பார்த்தவர்கள் பேசுவார்கள், மற்றவர்கள் வாயைப் பார்ப்பார்கள். பிற்பாடு சிப்ஸ் பாக்கெட்டுக்குள் வந்த போக்கிமான் வட்டுகளைச் சேர்க்கிற பிள்ளைகளில், தொடரைப் பார்த்தே இராதவர்களும் இருந்தார்கள்.

இதை மாற்றியவை இரண்டு தேதிகள். 2006 செப்டம்பரில் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. மாநிலம் முழுக்க ஒரு கோடிக்கும் மேல் பெட்டிகள் போயின. 2007 ஏப்ரல் 29-இல் சுட்டி டிவி தொடங்கியது, குழந்தைகளுக்கென்றே தமிழில் ஒரு சேனல். அரசியலைப் பற்றி உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும். மண்ணிவாக்கத்துக் கொத்தனார் வீட்டுப் பிள்ளையும் ஊரப்பாக்கத்து ஆபீசர் வீட்டுப் பிள்ளையும் திங்கட்கிழமை காலையில் ஒரே கதையைப் பேசியது அதற்குப் பிறகுதான். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

'டோராவின் பயணங்கள்' முதல் அலை. அமெரிக்காவில் ஆங்கிலக் குழந்தைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்க உண்டாக்கிய சிறுமி, இங்கே வந்து தமிழில் பேசி ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். கூட வரும் குரங்குக்கு இங்கே புஜ்ஜி என்று பேர். எப்போதும் சேர்ந்தே திரியும் இரண்டு பேரை டோரா புஜ்ஜி என்று இப்போது பெரியவர்களே சொல்கிறார்கள். அதில் திருட வரும் குள்ளநரியை, திருடாதே என்று மூன்று முறை சொல்லித் தடுக்க வேண்டும். ஒரு வருடம் பிள்ளைகளை நம் உயிரியல் பூங்காவுக்குக் கூட்டிப்போனோம். 602 ஹெக்டேர் காடு, புலி, வெள்ளைப்புலி எல்லாம் இருக்கிறது. இவர்கள் நரிக் கூண்டின் முன் நின்று கோரஸாக மூன்று முறை கத்தினார்கள். அது ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. நான் திட்டினேன். இப்போது நினைத்தால், டோராவில் வரும் நரியும் இப்படித்தானே தோற்றுப்போகும்!

அடுத்து ஜாக்கி. அமெரிக்காவில் 2000 முதல் 2005 வரை 95 பகுதிகள் வந்த தொடர். ஷெண்டுவின் சக்தி பன்னிரண்டு கற்களாகப் பிரிந்து உலகெங்கும் சிதறிக் கிடக்கிறது. சீன ஜோதிடத்தின் பன்னிரண்டு விலங்குகள், ஒவ்வொன்றிலும் ஒரு சக்தி. அவற்றைத் தேடுகிறவர் ஜாக்கி. அவருக்கு உதவும் ரகசிய அமைப்பின் பேர்தான் செக்‌ஷன் 13. இதெல்லாம் எனக்குப் போன மாதம்தான் தெரியும். இன்னொன்றும் போன மாதம்தான் தெரிந்தது, அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த ஜாக்கி சண்டைக்காரர் மட்டும் இல்லை, தொழிலால் தொல்லியல் ஆய்வாளர். என் பாடத்தின் ஆள். அவரை நான் வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தேன்.

2010. பல்லவர் பாடம். கரும்பலகையில் நரசிம்மவர்மன் என்று எழுதி, கீழே 'கி.பி. 640 அளவில் யுவான் சுவாங் காஞ்சி வருகை' என்று எழுதித் திரும்பினேன். கடைசி பெஞ்சில் ஒருவன் குனிந்து வரைந்துகொண்டிருந்தான். பேர் வேண்டாம். லாங் சைஸ் நோட்டு, பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. பிடுங்கினேன். "சீனாக்காரன் கூத்தெல்லாம் இங்க எதுக்குடா? பல்லவனைப் படி" என்றேன். என் முதுகுக்குப் பின்னால் பலகையில் ஒரு சீனாக்காரர் இருந்தது எனக்கு உறைக்கவில்லை. அப்பாவைக் கூட்டி வந்தால்தான் நோட்டு என்றும் சொன்னேன்.

மதியம் ஆசிரியர் அறையில் அதைப் புரட்டிப் பார்த்து நாங்கள் சிரித்தோம். சிரித்ததால்தான் உள்ளே இருந்தது ஞாபகம் இருக்கிறது. பன்னிரண்டு கற்களையும் அவன் நம் ஊரில் ஒளித்து வைத்திருந்தான். புலிக் கல் வண்டலூர்ப் பூங்காவில். வேகம் தரும் முயல் கல் தாம்பரம்–பீச் மின்சார ரயிலில். பறக்க வைக்கும் சேவல் கல் தாம்பரம் விமானப்படைத் தளத்தில். நோய் தீர்க்கும் குதிரைக் கல் சானடோரியம் ஆஸ்பத்திரியில், 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காரர்களுக்குத் தொடங்கிய அதே இடம். அசையாததை அசைய வைக்கும் எலிக் கல்லைப் பெருங்களத்தூர் சிக்னலில் வைத்திருந்தான். உயிரை மட்டும் உடம்பிலிருந்து கிளப்பி ஊர்சுற்ற விடுகிற ஆட்டுக் கல் என் வரலாற்று வகுப்பில் இருந்தது. எங்கள் சிரிப்பு நின்ற இடம் அதுதான்.

இதை விளையாட்டு என்று ஒதுக்கியவன், அடுத்த வாரம் அதே வகுப்புக்கு மாமல்லபுரத்தைப் பற்றிச் சொன்னேன். ஐந்து ரதங்களுக்கும் பாண்டவர்களுக்கும் சம்பந்தம் இல்லை, பல்லவர் வெட்டியவை, பேர் பிற்பாடு மக்கள் வைத்தது என்று பெருமையாக விளக்கினேன். சறுக்குப் பாறையில் நிற்கும் உருண்டைக் கல்லுக்குக் கிருஷ்ணனின் வெண்ணெய் என்று பேர் வைத்தவர்களும் மக்கள்தான். எந்த ஊர்த் தலபுராணத்தை எடுத்தாலும் ராமர் இங்கே இளைப்பாறினார், அகத்தியர் இங்கே கமண்டலத்தை வைத்தார் என்றுதானே இருக்கிறது? எங்கோ நடந்த கதை மனசுக்குப் பிடித்துவிட்டால் அதை நம் குளத்தங்கரைக்குக் கூட்டி வந்துவிடுவோம். அந்தப் பையன் எழுதியது பெருங்களத்தூர்த் தலபுராணம்.

ஆமை டீ-ஷர்ட் பையன் குழுவில் இன்னொன்று சொல்லிக்கொடுத்தான். என் பலகையில் இருந்த யுவான் சுவாங் 645-இல் சீனா திரும்பினார். அவருடைய பயணத்தை ஜனங்கள் சொல்லிச் சொல்லி, துணைக்கு ஒரு குரங்கு வீரனையும் சேர்த்துக்கொண்டார்கள். 16-ஆம் நூற்றாண்டில் அது 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற பெரிய நாவலாயிற்று. குரங்கின் பேர் சுன் வுகோங். அதில் நம் அனுமனின் சாயல் உண்டு என்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு. அந்தப் பேரை ஜப்பானியர் உச்சரித்தால் சோன் கோகு. 1984-இல் அகிரா தொரியாமா அந்தக் குரங்கை ஒரு வால் முளைத்த சிறுவனாக்கி 'டிராகன் பால்' வரையத் தொடங்கினார். 2024 மார்ச்சில் அவர் காலமான செய்தி வந்தபோது எங்கள் செக்‌ஷன் 13-இல் பாதிப் பேர் முகப்புப் படத்தை ஆரஞ்சு நிறமாக்கியிருந்தார்களாம். ஆக, காஞ்சிபுரத்துக்கு வந்து போன ஒரு துறவியின் பயணக் கதை ஆயிரத்து முந்நூறு வருடம் ஊர் சுற்றி, பழைய காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிளாம்பாக்கத்தில் ஒரு டீ-ஷர்ட்டில் வந்து என் காலைத் தொட்டிருக்கிறது. பரீட்சைக்கு வராத பகுதி இது.

இதில் எனக்குச் சாக்குச் சொல்லவும் வழியில்லை. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வந்தபோது எனக்கு வயது பதிமூன்று. மாயாவி மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் தெரியும். சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளை வலது கையில் சுற்றிக்கொண்டு, என்னை யாருக்கும் தெரியவில்லை என்று நம்பித் தெருவில் போனவன் நான். மாயாவி இங்கிலாந்துக்காரர் என்பதே அப்போது தெரியாது. அந்தக் கால வாசகர்கள் நரைத்த தலையோடு இன்றும் ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் கூடி, எந்தக் கதை உசத்தி என்று சண்டை போடுகிறார்கள். என் தம்பியும் போவான். வடிவேலுவின் கான்ட்ராக்டர் நேசமணிக்கு 2019 மே மாதம் உலகமே பிரார்த்தனை செய்ததே, அதில் நானும் ஒரு பதிவு போட்டேன். உறவினர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இப்போது காலம் மாறியிருக்கிறது. நந்தம்பாக்கத்தில் 2024-இல் சென்னையின் முதல் காமிக் கான் நடந்தபோது பிள்ளைகள் பாத்திர வேடத்தோடு போனார்கள். போன வருடம் செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' ஜப்பானியப் படம் தியேட்டரிலேயே தமிழில் பேசியது. நல்லது. அந்த நோட்டுக்கு வருகிறேன்.

நோட்டு என்னிடம் இல்லை. அவன் அப்பா வரவில்லை. கட்டட வேலைக்காரர், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு என்னைப் பார்க்க எப்படி வருவார் என்று நான் யோசிக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. இரும்பு பீரோவின் மேல் கிடந்தது. கட்டடம் மாறியபோது பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டது. போட்டவன் நான்தான். அதற்கப்புறம் அவன் வகுப்பில் எதுவும் வரைந்து பார்க்கவில்லை என்று மற்ற பிள்ளைகள் இப்போது சொல்கிறார்கள்.

அவனும் செக்‌ஷன் 13-இல் இருக்கிறான். ஓசூரில் வேலை, அதிகம் பேச மாட்டான். குழுவில் எல்லோர் முன்னாலும் நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்டேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் இரவு இரண்டு வரி வந்தது: "பரவால்ல சார். பதினோரு கல்லுதான் வச்சிருந்தேன். நாய்க் கல்லை எங்க வைக்கறதுன்னு முடிவு பண்றதுக்குள்ள நீங்க வாங்கிட்டீங்க."

நாய்க் கல் சாகாவரம் தருவது. அன்று முதல் குழுவில் அது எங்கே இருக்க வேண்டும் என்று வாக்குவாதம். நான் பல்லாவரம் என்றேன். 1863 மே 30-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த இடம், நம் ரயில் தடத்திலேயே இருக்கிறது, அத்தனை ஆயிரம் வருடம் அழியாமல் கிடந்த கல் என்று வாதாடினேன். ஜாக்கியே வந்தால் முதலில் அங்கேதான் தோண்டுவார் என்றும் சொன்னேன். வாக்கெடுப்பில் எனக்கு நான்கு ஓட்டு. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கு முப்பத்தொன்று. அங்கே பஸ்ஸுக்குக் காத்திருக்கச் சாகாவரம் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்பது அவர்கள் கட்சி.

ஓசூர்க்காரனும் கிளாம்பாக்கத்துக்குத்தான் போட்டான். புது நோட்டு ஒன்று வாங்கியிருப்பதாகச் சொல்கிறான்.