கல்லின் பிறந்தகம்

மேற்குப் பஞ்சாபில், இராவி ஆற்றின் பழைய கரையில் இருக்கிறது ஹரப்பா. இன்று அது பாகிஸ்தானைச் சேர்ந்த ஊர். 1921ஆம் ஆண்டில் தயாராம் சாஹ்னி அங்கே அகழாய்வைத் தொடங்கியது முதல், அதன் செங்கற் சுவர்களைப் பற்றியும் முத்திரைகளைப் பற்றியும் நாம் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் அந்நகரம் வண்டல் மண்ணின் நடுவே எழுந்தது என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. மிக அருகிலுள்ள கிரானா குன்றுகளுக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் செல்லவேண்டும். ஆகவே அங்கே அகப்பட்ட அரைகல், எடைக்கல், மணி, முத்திரை யாவும் வெளியிலிருந்து வந்த கல்லால் ஆனவையே. அவை எங்கிருந்து வந்தன?

கல் தன் பிறப்பை மறைப்பதில்லை. அதைத் தாள்போல மெல்லிய சீவலாக்கி உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், உள்ளே கனிமங்கள் அமைந்திருக்கும் விதம் தெரியும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் கற்களை அணு உலையில் நியூட்ரான்களுக்கு ஆட்படுத்துகிறார்கள். அப்போது வெளிப்படும் கதிர்களைக் கொண்டு, அவற்றில் நுண்ணளவில் கலந்துள்ள தனிமங்களைக் கணக்கிடலாம். அந்தக் கணக்கு மலைக்கு மலை வேறுபடும். மலைகளில் நேரே சேகரித்த மாதிரிகளோடு அதை ஒப்பிட்டால், கல்லின் பிறந்தகம் புலப்படும்.

ராண்டல் லா என்னும் அமெரிக்க ஆய்வாளர் இவ்வழியில் ஹரப்பாவின் கற்களை ஆராய்ந்து, 2008ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டை அளித்தார். முத்திரைகளுக்கும் மணிகளுக்கும் உரிய மாக்கல், பெரும்பாலும் வடக்கேயுள்ள ஹசாரா மலைப்பகுதியைச் சேர்ந்தது. அகேட் மணிக்கற்களில் பெரும்பகுதி குஜராத்திலிருந்து சென்றது.

இவற்றைவிட நம் மனத்தைத் தொடுவது அரைகல்தான். நம் வீட்டு அம்மியைப்போல முன்னும் பின்னுமாகத் தேய்த்து அரைத்த கல் அது. அவற்றுள் பல, இன்றைய ஹரியானாவின் தென்பகுதியிலுள்ள கலியானா குன்றுகளிலிருந்து சென்றவை. அதாவது ஏறக்குறைய 400 கிலோமீட்டர். அணிமணிகளைத் தொலைவிலிருந்து தருவிப்பது செல்வர்க்கு இயல்பு. அன்றாட மாவரைக்கும் கனமான கல்லே அவ்வளவு தூரம் வந்ததென்றால், அந்நகரத்துச் சாதாரணக் குடும்பத்தின் அடுப்படியும் தொலைநாட்டு மக்களை நம்பியிருந்தது என்பது தெளிவு.

பழைய அகழாய்வுகளில் பொன்னுக்கும் மணிக்கும் கிடைத்த மதிப்பு உடைந்த அரைகல்லுக்குக் கிடைக்கவில்லை. ஒரு கல்லின் வரலாற்றுக்கு இரண்டு முகவரிகள் வேண்டும்: அது பிறந்த மலை ஒன்று, அது கிடந்த வீடும் மண்ணடுக்கும் மற்றொன்று. முதலாவதை ஆய்வுக்கூடம் எந்நாளிலும் கண்டு சொல்லக்கூடும். இரண்டாவது, கல்லை எடுத்த கணத்திலேயே குறிக்கப்படாவிட்டால் என்றென்றைக்கும் அழிந்துபோகும். 19ஆம் நூற்றாண்டில் லாகூர்–முல்தான் இருப்புப்பாதைக்காக ஹரப்பாவின் செங்கற்களைப் பெயர்த்தெடுத்தபோது, இத்தகைய முகவரிகள் எத்தனையோ அழிந்தன.

குஜராத்திலும் ஹரியானாவிலும் வாழும் தமிழன்பர்கள் லோதல், தோலாவீரா, ராக்கிகடி போன்ற இடங்களைக் காணச் செல்வதுண்டு. அங்கே காலில் இடறும் சிறு கல்லை நினைவுக்காக எடுத்துவர நம் கை நீளலாம். அதை அங்கேயே விட்டுவருவோம். அது எந்த மலையிலிருந்து, யாருடைய வீட்டுக்கு வந்ததென்று கேட்பவர் நாளை வரக்கூடும்.