பறக்கும் நேரமும் போய்ச் சேரும் நேரமும்



மதுரைக்கும் சென்னைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால், நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர் என்பீர்கள். ஆகாய விமானம் ஒரு மணி நேரத்திற்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொள்ளும் என்பீர்கள். விடை சரியே. ஆயினும், போடிநாயக்கனூரை அடுத்த எங்கள் சிலமலையிலிருந்து புறப்படுகிறவனுக்கு அது பாதி விடைதான். விமான நிலையத்தை அடையவே அவனுக்குத் தரைவழியில் இரண்டு மணி நேரமாவது வேண்டும். பறக்கும் நேரம் வேறு. போய்ச் சேரும் நேரம் வேறு.

இந்த வேறுபாடு இன்று பிறந்ததன்று. 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் பைகளுடன் ஒற்றை எஞ்சின் விமானமொன்றைத் தாமே ஓட்டிக்கொண்டு காலையில் கிளம்பினார். பிற்பகல் பம்பாயில் இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பார் பல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தார். இடையில் ஆமதாபாத்தில் அந்த விமானத்திற்கான பெட்ரோல் எதில் வந்தது தெரியுமா? மாட்டு வண்டியில்! விமானம் பறக்கும் வேகம் ஒருபுறமிருக்க, அது காளைகளின் நடைக்காகவும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதே கதை எங்கள் மலைச்சரிவில் அதற்கும் முன்பே நடந்திருக்கிறது. வகுப்பில் நான் பிள்ளைகளிடம் ஒரு நூலைக் கொடுத்து, போடிக்கும் மூணாறுக்கும் உள்ள தூரத்தைத் தேசப்படத்தில் அளக்கச் சொல்வதுண்டு. நூலை இழுத்துப் பிடித்தால் 33 கிலோமீட்டர் அளவில் வரும். போடிமெட்டுச் சாலையின் வளைவுகளோடு நூலை வளைத்தால் அதைப் போல் இரு மடங்கு! காக்கைக்கு ஒரு கணக்கு, கால்நடையாய்ச் செல்வோனுக்கு ஒரு கணக்கு.

மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தார் காக்கையின் கணக்கையே பிடித்துக்கொண்டனர். 1902-இல் மூணாறிலிருந்து மலையுச்சியிலுள்ள டாப் ஸ்டேஷன் வரை, காளைகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டியை அமைத்தனர். 1908-இல் அது சிறிய இருப்புப்பாதையாக மாறியது. உச்சியிலிருந்து தேயிலைப் பெட்டிகள் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தொலைவு கம்பிக் கயிற்றில் தொங்கியபடி அந்தரத்தில் இறங்கி, அடிவாரத்துக் கொட்டகுடியை அடைந்தன. அங்கிருந்து போடிக்கு 15 கிலோமீட்டர். அதற்கு மீண்டும் மாட்டு வண்டிதான்.

ஆக, தேயிலை பறந்தது. தோட்ட வேலைக்குச் சமவெளியிலிருந்து போனவர்களோ, மூட்டை முடிச்சுகளோடு மலையை நடந்தே ஏறினார்கள். கயிற்றுவழியைப் பொறியியல் அற்புதம் என்று புகழ்வோர் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

மலையிலிருந்து ரயிலில் வந்த தேயிலை போடியிலும் ரயிலேறியது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆண்டுகளை ஒப்பிட்டால் அது பொருந்தாது. மூணாற்று இருப்புப்பாதையை 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அழித்துவிட்டது. போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்ததோ 1928-இல். இரண்டும் ஒன்றையொன்று கண்டதேயில்லை.

அந்தப் போடி ரயிலும், பாதையை அகலப்படுத்துவதற்காக 2010-ஆம் ஆண்டின் இறுதியோடு நின்று, 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் மறுபடி போடிக்கு வந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளிலும் மதுரையிலிருந்து சென்னைக்கு விமானம் ஏறக்குறைய அதே ஒரு மணி நேரத்தில் பறந்துகொண்டிருந்தது. போடியிலிருந்து மதுரை செல்ல வேண்டிய கல்லூரி மாணவர்கள் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.